ஒரு புள்ளிக்கு ஓர் ஐஸ்கிரீம்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலை காருக்குச் சொந்தமாக இருந்தது. மற்ற வீடுகளில் அன்று கோழி வாங்குவார்கள், கோயிலுக்குப் போவார்கள், இல்லையென்றால் வெயில் ஏறும்வரை தூங்குவார்கள். எங்கள் வீட்டில் அப்பா கார் கழுவுவார். அது முடியும்வரை அம்மா துணி துவைக்க முடியாது, வாளிகள் இரண்டும் காருக்குப் போய்விடும். நான் போர்ச்சில் சைக்கிள் ஓட்ட முடியாது. மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்க வருகிறவர்கூட எங்கள் வாசலைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டு முன்னால்தான் ஹார்ன் அடிப்பார்.

கிள்ளானில் எங்கள் லோரோங்கில், அந்தச் சிறிய தெருவில், இருந்த வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் கார் இருந்தது. ஆனால் கறுப்புக் கார் எங்களுடையது மட்டும்தான். செகண்ட் ஹேண்டாக வாங்கியது. வெள்ளைக் காரோ சாம்பல் நிறக் காரோ வாங்கியிருந்தால் அப்பாவின் வாழ்க்கையில் பாதி ஞாயிற்றுக்கிழமைகள் மிஞ்சியிருக்கும் என்று அம்மா சொல்லுவார். கறுப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் காய்ந்தாலும் வெள்ளையாக ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்துக்கு எங்கள் வீட்டில் புள்ளி என்று பெயர். அப்பா கழுவிய காரில் புள்ளி இருந்ததாக அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த விஷயத்தில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சம் அதிகம்தான், அதை அவரே ஒத்துக்கொள்வார்.

அவர் கழுவுவதற்கு ஒரு முறை உண்டு. வெயில் போர்ச்சுக்குள் வருவதற்கு முன்னால் ஆரம்பித்துவிட வேண்டும். எங்கேயாவது போய் வந்த சூட்டோடு காரில் தண்ணீர் ஊற்றக்கூடாது, பானெட்டில் கை வைத்துப் பார்த்து ஆறிய பிறகுதான் ஹோஸை எடுப்பார். முதலில் சோப்பில்லாமல் வெறும் தண்ணீர், கூரையிலிருந்து கீழே. பிறகு ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொரு வாளியில் நல்ல தண்ணீர். முழுக் காருக்கும் ஒரேயடியாகச் சோப்புப் போடமாட்டார், ஒரு பக்கம் போட்டு அதை அலசிவிட்டுத்தான் அடுத்த பக்கம் போவார். சோப்பு காய்ந்தால் போச்சு.

கடைசி அலசல்தான் எனக்குப் பிடித்தது. ஹோஸின் நுனியில் மாட்டியிருக்கும் மூக்கைக் கழற்றிவிடுவார். தண்ணீர் பீய்ச்சாமல் சாதுவாக வழியும். அதைக் கூரைமேல் பிடித்தால் தண்ணீர் ஒரே விரிப்பாக இறங்கி, ஆங்காங்கே நிற்கும் துளிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் பிறகு துடைக்க வேண்டிய தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கும். துடைப்பதற்கு அவருடைய பழைய பருத்திக் கைலி. புதுக் கைலி தண்ணீரை உறிஞ்சாது, பல வருடம் துவைத்துத் துவைத்து நூல் இளகிய கைலிதான் அதற்குச் சரி. நனைத்து நன்றாகப் பிழிந்து, கூரையில் விரித்து, இரண்டு மூலைகளையும் பிடித்துத் தன் பக்கமாக மெல்ல இழுப்பார். தேய்க்கவே மாட்டார்.

அத்தோடு முடியாது. பக்கக் கண்ணாடிக்குப் பின்னால், கதவுக் கைப்பிடிக்குள், பெட்ரோல் ஊற்றும் மூடிக்குள் எல்லாம் தண்ணீர் ஒளிந்திருக்கும். எல்லாம் துடைத்து நிமிர்ந்த பிறகு அது மெதுவாகச் சொட்டிக் காரியத்தைக் கெடுக்கும். அதனால் காரை எடுத்து லோரோங்கில் ஒரு சுற்றுப் போய், நடுவில் இரண்டு மூன்று தடவை பிரேக் போட்டு, ஒளிந்திருக்கும் தண்ணீரை வெளியே வரவைப்பார். அந்தச் சுற்றுக்கு நானும் போவேன். திரும்பி வந்து இன்னொரு முறை துடைத்தால்தான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை முடியும்.

இந்தக் காரை வாங்கிய அன்றே அப்பா அத்தையிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அத்தை அவருடைய ஒரே தங்கை. தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போய்விட, அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த அத்தையை அப்பாதான் வளர்த்தார். எங்கள் வீட்டில்தான் அத்தையும் இருந்தார், பாலர் பள்ளி ஆசிரியை. அவருடைய கல்யாணத்தன்று இந்தக் காரில், தானே ஓட்டிக்கொண்டுபோய், மண்டபத்தில் இறக்கிவிடுவேன் என்பது அப்பாவின் வாக்கு. கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளை வீட்டார் பெரிய காராக வாடகைக்கு எடுத்து அனுப்புவதாகச் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை.

“என் தங்கச்சி என் காருல வருவா. நான்தான் ஓட்டுவேன்” என்றார்.

அப்போது நான் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் துடைத்து முடித்த அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“இங்க வா. காரைச் சுத்திப் பாரு. ஒரு புள்ளி கண்டுபிடிச்சா சாயங்காலம் ஐஸ்கிரீம்.”

“ரெண்டு கண்டுபிடிச்சா?”

“அப்பவும் ஒண்ணுதான். பேராசைப்படாதே லா.”

எனக்கு நம்பிக்கையே இல்லை. அப்பா கழுவிய காரில் புள்ளி தேடுவது எங்கள் பள்ளித் தலைமையாசிரியரின் சட்டையில் சுருக்கம் தேடுவது மாதிரி. ஆனாலும் ஐஸ்கிரீம் என்றதும் குனிந்து குனிந்து தேடினேன். பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒன்று இருந்தது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

அப்பா கைலியோடு வந்தார். “எங்க? கை வச்சுக் காட்டு.”

விரலை வைத்தேன். என் விரல் இருந்த இடத்தில் அவர் துடைத்தார். “அட, ஆமா” என்றார். அன்று மாலை மணி அடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் மோட்டார் வந்தபோது, சொன்னபடி எனக்கு ஒரு ஐஸ்கிரீம் பொத்தோங் கிடைத்தது. கட்டியாக வெட்டிக் குச்சியில் குத்தியிருக்கும் அந்த ஐஸ்கிரீமில் சிவப்பு அவரை போட்டதுதான் எனக்குப் பிடிக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் அவர் சாப்பிடமாட்டார், நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பார்.

அடுத்த ஞாயிறும் நான் ஜெயித்தேன். அதற்கடுத்த ஞாயிறும். என் திறமையை நினைத்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் தோழிகளிடம் என் கண் கழுகுக் கண் என்று அளந்துவிட்டேன். புள்ளிகள் வாராவாரம் கூடுகிறதா, என் கண்தான் கூர்மையாகிறதா என்று யோசிக்க எனக்கு என்ன அவசியம் இருந்தது? ஒவ்வொரு தடவையும் அப்பா “கை வச்சுக் காட்டு” என்பார், நான் விரலை வைப்பேன், அவர் துடைப்பார். அவ்வளவுதான் விளையாட்டு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பைத் தொட்டி விழுந்தது. துடைத்த காரை எடுத்துக்கொண்டு லோரோங்கில் அந்தச் சுற்றுப் போனோம். திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியின் பச்சைக் குப்பைத் தொட்டியில் கார் மோதியது. தொட்டி உருண்டு, கோழித் தோலும் பப்பாளித் தோலும் ரோட்டில் கொட்டின. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பா மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“இதை யாரு இங்க கொண்டு வந்து வச்சது?” என்று கேட்டார்.

அந்தத் தொட்டி, நான் பிறந்ததிலிருந்து அந்த இடத்தில்தான் நிற்கிறது. ஆன்டி ஓடி வந்து, பரவாயில்லை பரவாயில்லை என்று மலாயில் சொல்லிக்கொண்டே தொட்டியை நிமிர்த்தினார். அம்மா எங்கள் கேட்டில் நின்றிருந்தார். நடந்ததை முழுக்கப் பார்த்திருக்கிறார். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் ரோட்டைக் கூட்டினார்.

எல்லாம் தெரிந்துகொண்டு உங்களுக்கு மட்டும் மறைத்துக் கதை பண்ண எனக்கு விருப்பமில்லை, சொல்லிவிடுகிறேன். அப்பாவின் சர்க்கரை கண்ணுக்கு இறங்கியிருந்தது. நடுவில் தெரியும், ஓரத்தில் மறையும்; வெளிச்சத்தில் தெரியும், நிழலில் கலங்கும். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் புகைமூட்டம் என்பார், மூக்குக் கண்ணாடி பழசாகிவிட்டது என்பார். ஆஸ்பத்திரிக்குப் போனால் கார் ஓட்டாதே என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம்தான். கல்யாணம் முடியட்டும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தார். தங்கையை மண்டபத்தில் இறக்கிவிட்ட பிறகு கண் போனாலும் போகட்டும் என்கிற அளவுக்கு அந்த மனிதருக்குப் பிடிவாதம். இப்போது நினைத்தாலும் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. பிற்பாடு ஆஸ்பத்திரியில் லேசர் வைத்து மிச்சம் இருந்த பார்வையைக் காப்பாற்றினார்கள், செய்தித்தாளில் தலைப்பு மட்டும் இன்றும் படிக்கிறார் என்பதால் அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா சொன்னார்: “நான் கார் ஓட்டக் கத்துக்கலாம்னு இருக்கேன்.”

“எதுக்கு? நான் இல்லையா?”

“நீங்க இருக்கீங்க. மீன் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போறதுக்கெல்லாம் எத்தனை நாளைக்கு உங்களையே எழுப்பறது?”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்தது போதும் என்று எனக்கே தோன்றியது. “சரி, கத்துக்க” என்றார் கடைசியில்.

அத்தை கைகொட்டிச் சிரித்தார். “அண்ணி, லோரோங்குல இருக்கற பூனையெல்லாம் வீட்டுக்குள்ள கட்டிப்போடச் சொல்லணும்” என்றார். அம்மாவும் சிரித்தார். அம்மாவுக்கு ரோட்டைக் கடப்பதற்கே பயம் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எஸ்கலேட்டரில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொள்ளும் அம்மா, வாரத்தில் இரண்டு மூன்று நாள் டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறிப் போய், வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தார். மேட்டில் நிறுத்தி எடுக்கும் சோதனையில் ஒரு தடவை தவறினார். அழுதார் என்று நினைக்கிறேன், குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டது. மறுபடியும் போய்த் தேறினார்.

புது லைசன்ஸ்காரர்கள் காரில் ‘பி’ ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அம்மா பாசாருக்குப் போகும்போது ஒட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அப்பா அதை உரித்து எடுத்து, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துப் போக்கிவிட்டுத்தான் ஹோஸைக் கையில் எடுப்பார். திங்கட்கிழமை அம்மா புது ஸ்டிக்கர் ஒட்டுவார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. பேசாமலே நடத்துகிற சண்டைகளில் அவர்கள் இருவரும் கெட்டிக்காரர்கள்.

இதற்கிடையில் என் ஐஸ்கிரீமுக்கு ஆபத்து வந்தது. திடீரென்று ஒரு ஞாயிறு காரில் ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. சந்தேகப்பட்டு ஒளிந்திருந்து பார்த்தேன். சுற்றுப் போய்வந்த அப்பா கை கழுவ உள்ளே போனதும் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னொரு துணியால் காரைச் சுற்றி வந்து கிடுகிடுவென்று துடைத்துக்கொண்டிருந்தார். என் புள்ளிகள் போகிற வழி தெரிந்துவிட்டது. அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா, அம்மா ஏமாத்துறாங்க. நீங்க போனதும் எல்லாப் புள்ளியையும் தொடைச்சிடுறாங்க.”

அப்பா ஈரக் கையோடு வெளியே வந்தார். அம்மா துணியைப் பின்னால் மறைத்தார். எங்கள் வீட்டில் அம்மா எதையாவது மறைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நீ தொடைக்காதே” என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. “எத்தனை இருக்குன்னு எனக்குத் தெரியணும்.”

அம்மா தலையை ஆட்டினார். அப்பா என் பக்கம் நிற்கிறார், விளையாட்டு என்றால் விளையாட்டுத்தான், அதில் பெரியவர்கள் கை வைக்கக்கூடாது என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் மறுபடியும் நான் ஜெயித்தேன்.

கல்யாணம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில். கிள்ளானிலிருந்து பெடரல் ஹைவே வழியாகப் போக வேண்டும். காலை முகூர்த்தம். வீடு முழுக்க ஆட்கள், மல்லிகைப் பூ, காப்பி, குளியலறைக்கு வரிசை. அம்மாவின் தம்பி, என் மாமா, சீர்த்தட்டுகளையும் சொந்தக்காரர்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு முன்னால் போகத் தயாராக இருந்தார். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, சுண்டுவிரல் அசைவில் எல்லாரையும் வேலை வாங்கிக்கொண்டிருந்தார். இந்த அமளிக்கு நடுவில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், போர்ச் விளக்கைப் போட்டுக்கொண்டு அப்பா கார் கழுவினார்.

மாமா உதவிக்குப் போனார். “நீ போ, நான் பார்த்துக்கறேன்” என்று அனுப்பிவிட்டார். வழக்கமாக எடுக்கும் நேரத்தைவிட அன்று அவர் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். கூரையில் கைலியை விரித்து இழுத்தார், மறுபடியும் விரித்து இழுத்தார். கதவுகளை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். பூக்கடைக்காரர் காரில் கட்ட வேண்டிய பூச்சரங்களோடு கேட்டுக்கு வெளியே காத்திருந்தார். பெரியம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்து, மணமகளே தயாராகிவிட்டாள், கார் இன்னும் தயாராகவில்லையா என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் பட்டுப்பாவாடையில் இருந்தேன்.

“வா. பாரு.”

“இன்னைக்குமா? இன்னைக்கு ஐஸ்கிரீம் மோட்டார் வரும்போது நாம வீட்டுல இருப்போமா?”

“இருப்போம். நல்லா பாரு. அவசரப்படாதே. ஒண்ணுகூட விடாம எல்லாத்தையும் சொல்லணும்.”

அம்மா வாசல்படியில் வந்து நின்றார். கல்யாணப் புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்திருந்தார். கையில் துணி எதுவும் இல்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாவாடை நனைந்துவிடும் என்று எச்சரிக்கிறார் என்று நினைத்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.

கூரையின் ஓரத்தில் இருந்தன. பானெட்டில் இருந்தன, வரிசையாக, கோலத்துக்கு வைத்த மாதிரி. முன்கதவின் கீழ்ப்பகுதி முழுக்க இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பெரிய வெற்றி அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

“அப்பா, இங்க. இங்க ஒண்ணு. இங்க ரெண்டு.”

முதலில் அப்பா ஒவ்வொன்றுக்கும் வந்தார், கை வைக்கச் சொன்னார், துடைத்தார். கொஞ்ச நேரத்தில் வருவதை நிறுத்திவிட்டார். கைலியைக் கையில் வைத்தபடி ஒரே இடத்தில் நின்றார். நான் மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி வந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். எண்ணிக்கை எனக்கே தப்பிப் போய்விட்டது.

“போதும்” என்றார்.

“இன்னும் பின்பக்கம் பாக்கலைப்பா.”

“போதும்மா.”

கைலியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அப்போதுதான் அம்மா படியிலிருந்து இறங்கினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் கையிலிருந்து கைலியை வாங்கி, அப்பா செய்வது போலவே விரித்து இழுத்துத் துடைத்தார். அவருக்கு அந்த முறை தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் காட்டக் காட்டத் துடைத்தார். நடுநடுவே மூக்கை உறிஞ்சினார். கல்யாண வீட்டில் எல்லாருக்கும் தூக்கமில்லை, சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

அப்பா திரும்பி வந்தபோது அவர் கையில் புது ‘பி’ ஸ்டிக்கர்கள் இருந்தன. முன் கண்ணாடியில் ஒரு மூலையைத் தடவிப் பார்த்து, ஒன்றை நேராக வைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் கட்டைவிரலால் நீவி ஒட்டினார். பிறகு பின்னால் போய் இன்னொன்றை ஒட்டினார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

“ஹைவேல இடது பக்கமே போ. யாரு ஹார்ன் அடிச்சாலும் நீ உன் வேகத்துல போ.”

அம்மா உடனே வாங்கவில்லை. “நிஜமாத்தானா?” என்று கேட்டார்.

“நேரமாச்சு” என்றார் அப்பா.

பெரியம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. “என்ன தம்பி இது, கல்யாணக் காருல போய் பி ஸ்டிக்கரா? மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்க?”

“பொண்ணு பத்திரமா வந்து சேர்ந்தான்னு நினைப்பாங்க அக்கா.”

எனக்கு அம்மாமேல் கடுங்கோபம். மாதக்கணக்கில் நச்சரித்து, ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டி, அப்பாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அப்பா கொடுத்த வாக்கு அம்மாவால் உடைந்தது என்று நம்பினேன். என் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் காரில் ஏறினேன்.

அலங்காரம் முடிந்து அத்தை வெளியே வந்தார். பூச்சரத்துக்கு நடுவில் சிவப்பு எழுத்தைப் பார்த்தார், ஸ்டியரிங்கின் முன்னால் அம்மாவைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கண்ணில் மையிட்டிருந்ததால் அழக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

“அண்ணே, நீதானே ஓட்டறேன்னு சொன்னே?”

“நான் ஓட்டினா உன் பக்கத்துல யாரு உட்கார்றது? முன்னால உட்கார்ந்துக்கிட்டு உன் முகத்தை எப்படிப் பார்க்கறது? தள்ளி உட்காரு.”

பெரியம்மா சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அத்தோடு விட்டாரா, ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை மாவிலையால் அள்ளி அள்ளிக் கார்மேல் தெளித்தார், பானெட்டில், கூரையில், கண்ணாடியில். இவ்வளவு நேரம் துடைத்த கார். நான் பதறிப்போய் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அத்தையின் வளையல்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். அம்மா வைப்பரைத் தட்டி, எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு காரை வெளியே எடுத்தார்.

பெடரல் ஹைவேயில் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை எங்களை முந்தாத வண்டி எதுவும் இல்லை. சிமெண்ட் லோரி முந்தியது, தொழிற்சாலை பஸ் முந்தியது, காய்கறிக் கூடை கட்டிய மோட்டார்கூட முந்தியது. ஒரு கன்டெய்னர் லோரி பின்னாலேயே வந்து நீளமாக ஹார்ன் அடித்தபோது அம்மாவின் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பார்த்தேன். அவர் உதடு எதையோ முணுமுணுத்தது. ஆனால் இடது பக்கத்தைவிட்டு அசையவில்லை.

“அண்ணி, மெதுவாவே போங்க” என்றார் அத்தை பின்னாலிருந்து. “நான் இல்லாம அங்க யாருக்குத் தாலி கட்டுவாங்க?”

திரும்பிப் பார்த்தேன். அப்பா அத்தையின் கையைத் தன் மடியில் வைத்திருந்தார். முகத்தை அத்தையின் முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய், நெற்றிச்சுட்டி, பொட்டு, மூக்குத்தி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை முகத்திலும் புள்ளி தேடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை சிரிக்கவில்லை. மை கரைந்தால் கரையட்டும் என்று விட்டுவிட்டார்.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, “பொண்ணும் புதுசு, டிரைவரும் புதுசு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு வலித்தது. ஹைவே காற்றில் மஞ்சள் தண்ணீர் காய்ந்து, கறுப்பு பானெட் முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“அப்பா, கார் பூரா புள்ளிப்பா. மஞ்சத் தண்ணி.”

“அது இருக்கட்டும்” என்றார். “அதைத் தொடைக்கக்கூடாது.”

அத்தையை அனுப்பிவிட்டு நாங்கள் கிள்ளானுக்குத் திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அம்மா காரைப் போர்ச்சில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். வீடு காலியாகக் கிடந்தது. அத்தையின் அறையில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. நான் புடவைக் குவியலுக்கு நடுவில் படுத்துக்கொண்டு அத்தையை நினைத்து அழத் தயாராகிக்கொண்டிருந்தபோது, லோரோங்கின் முனையில் மணிச் சத்தம் கேட்டது.

நானே மறந்திருந்தேன். அப்பா மறக்கவில்லை.

“வா” என்றார். “ஜெயிச்சவ நீதானே.”

வழக்கமாக ஐஸ்கிரீம்காரர் எங்கள் கேட்டுக்கே வருவார். அன்று தெருவிளக்கு இன்னும் எரியவில்லை, அவர் நாலைந்து வீடு தள்ளியே பிள்ளைகள் கூட்டத்தில் நின்றுவிட்டார். நாங்கள் நடந்து போனோம். கேட்டைத் தாண்டியதும் அப்பா என் தோளில் கை வைத்தார். அதுவரை அவர் அப்படி என்னோடு நடந்ததில்லை, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாகப் போகிறவர். அன்று மெதுவாக, நான் ஒரு அடி வைத்த பிறகு அவர் ஒரு அடி வைத்து வந்தார். ஆன்டி வீட்டுக் குப்பைத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனேன், அவரும் சுற்றிக்கொண்டு வந்தார்.

அந்தக் கை ஏன் அவ்வளவு கனமாக இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஜெயித்தவள் தோளில் அப்படித்தான் வைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். லோரோங் முழுக்கப் பார்க்கட்டும் என்று தோளை நன்றாக நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.